மூன்றாவது டேக்

மேக்னா இரண்டு தடவை பாடியும் ஹரிசங்கருக்குத் திருப்தியில்லை. காதலன் கைவிட்ட பெண்ணின் பாட்டு அது. அவர்களுடைய ராக் குழுவின் முதல் கேசட்டுக்காக அவனே எழுதி, கிடாரில் மெட்டும் போட்டிருந்தான்.

"சுருதி சுத்தமா கீது மேக்னா. வலிதான் இல்ல."

"நீ பக்கத்துலயே இருக்கும்போது வலி எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தாள். மூன்று வருடக் காதல்.

அவளைக் கோவளம் ஸ்டூடியோவின் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் பேசினான். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. மறுபடி பாடினாள். சரணத்தில் குரல் உடைந்து, தழுதழுத்து, மெல்ல எழுந்தது. டிரம்ஸ் வாசிக்கும் பத்ரிக்கு உடம்பு சிலிர்த்தது.

"இன்னாடா சொன்ன அவகிட்ட?"

"அணுபுரத்துப் பொண்ணு ஒருத்தியைக் கட்டிக்கப்போறேன்னு சொன்னேன்."

"அடப்பாவி! ஒரு பாட்டுக்காக இப்படி ஒரு பொய்யா? பாடுற ரூம் கண்ணாடிக்கு அந்தாண்ட பாரு, இன்னும் அழுதுகினு கீறா. போய் உண்மையைச் சொல்லுடா."

ஹரிசங்கர் பதிவானதை மறுபடி ஓடவிட்டான்.

"அதாண்டா மச்சான் உண்மை. போன வாரமே நிச்சயம் ஆயிடுச்சு. அப்பவே சொல்லியிருந்தா வூட்லயே அழுது தீர்த்திருப்பா."