பிளாக் பண்ண ஒரு பேட்

"பிளாக் பண்றதுக்கு எந்த பேட் நல்லது, மாமா?"

டேபிள் டென்னிஸில் மைத்துனன் என்னிடம் யோசனை கேட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் அவன் முதலில் எடுத்தது கார்பன் பேட். பிடுங்கி வைத்தேன்.

"கார்பன்ல பட்டா பந்து பறந்துடும்டா. வெறும் மரத்துல வாங்கு. எவ்வளவு வேகமா வந்தாலும் அடங்கிடும். யாரைச் சமாளிக்கணும்?"

"ஒருத்தர் இருக்காரு. பேய் மாதிரி அடிப்பாரு. ரெண்டு பந்து திரும்பி வந்துட்டா மூக்கு மேல கோபம் வந்துடும்."

"அப்புறம் என்ன? சும்மா திருப்பித் திருப்பி அனுப்பு. அந்த முன்கோபி தானா வெளிய அடிச்சுத் தொலைவான்."

பயிற்சிக்கு மாலைதோறும் நானே எதிரில் நின்று அடித்துக் கொடுத்தேன்.

கிளப்பின் இறுதிப் போட்டியில் மர பேட் தன் வேலையைக் காட்டியது. எப்படி அடித்தாலும் பந்து அடங்கி, சாதுவாகத் திரும்பி வந்தது. கடைசிப் பந்து மேசையைத் தாண்டிப் பறந்ததும் அந்த முன்கோபி பேட்டைத் தரையில் வீசியெறிந்து, "துரோகி!" என்று கத்தினான்.

கைகுலுக்க வந்த மைத்துனன் சிரித்தான்.

"என் மேல கோபப்படாதீங்க, மாமா. ரெண்டு பந்துக்கு மேல உங்களுக்குத் தாங்காதுன்னு அக்காதான் சொன்னா."

பார்வையாளர் வரிசையில் என் மனைவி எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.