கடைசி இழை

பார்மா நகரத்து ஓபரா அரங்கில், கூரையை ஒட்டிய மலிவு மாடத்தின் மரப்பெஞ்சில், தித்சியானா தன் கணவன் எர்மேத்தேயோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறாள். வருஷக்கணக்காகக் கெஞ்சி இன்றுதான் அவனை அழைத்து வந்திருக்கிறாள். மேடையில் பாடுகிறவளுக்கு ஒலிபெருக்கி கிடையாது. வெறும் தொண்டைதான். அத்தனை வாத்தியங்களையும் தாண்டி அந்தக் குரல் மேலேறி, வளைந்த கூரையில் பட்டு, நேரே இவர்கள் மடியில் இறங்குகிறது. "மைக்கே இல்லையா?" என்று கிசுகிசுக்கிறான் எர்மேத்தே. அவன் கண்கள் கலங்கியிருக்கின்றன. குரல் மெல்லத் தேய்ந்து நிற்கிறது. பாட்டு இன்னும் முடியவில்லை; ஒற்றைப் புல்லாங்குழல் அதன் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது அடங்கிய பிறகுதான் இந்த மாடத்தில் கை தட்டுவார்கள். எர்மேத்தேக்கு அது தெரியாது. தன் பெரிய கொத்தனார்க் கைகளால் படபடவென்று தட்டிவிடுகிறான். "யாருய்யா அது? சர்க்கஸுக்கு வந்தவரா?" என்று பின்வரிசை சீறுகிறது. நாலாபக்கமும் 'உஷ்' கிளம்புகிறது. அவன் காதருகே கேட்டது தித்சியானாவின் 'உஷ்'. இந்த மாடத்துக்கு வந்து வந்து பழகிய வாய் முந்திக்கொண்டது. அவன் பின்வரிசையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்க்கிறான். கைகளைக் கோட்டுக்கு அடியில் நுழைத்துக்கொள்கிறான். குழல் அடங்குகிறது. மாடம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. "இப்பத் தட்டலாம்ப்பா. தட்டு" என்கிறாள். "நீ தட்டு. உனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப் போல எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.