திருடியின் அத்தியாயம்

மின்யாவின் முகம் எந்த வரியில் மாறும் என்று வில்மா காத்திருந்தாள்.

பள்ளி நூலகத்தின் மூலை மேசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்தும் ரீத்தா கொடுத்த வேலை இது. நால்வர் சேர்ந்து இளையோருக்கான ஒரு கதை எழுத வேண்டும். ஆளுக்கொரு அத்தியாயம், ஒவ்வொன்றும் வேறொருவர் பார்வையில். வாசித்துக் காட்டும் நாள்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் நடக்கும் திருட்டைக் கதையாக்கலாம் என்று சொன்னவள் வில்மாதான். திருடியின் பார்வையை மின்யா எழுதட்டும் என்று சொன்னதும் அவள்தான்.

சும்மா சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுத் தட்டை வைக்கப் போகிற நேரத்தில், கூடையிலிருந்த ரொட்டித் துண்டுகளை மின்யா அள்ளிப் பைக்குள் போட்டதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். பள்ளியில் எல்லோருக்கும் இலவசமாகப் போடுகிற சாப்பாடு. வயிறு முட்டச் சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தத் திருட்டுப் புத்தி?

அன்றிலிருந்து மின்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வில்மா தன் பையை மறுபக்கம் நகர்த்திக்கொள்வாள். நடுவில் அவளுடைய உதட்டுக் களிம்பு காணாமல் போனது. மின்யாதான் என்று முடிவே கட்டிவிட்டாள். அது பிறகு வில்மாவின் கோட்டின் கிழிந்த பைக்குள்ளிருந்தே கிடைத்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

முதலில் வில்மாவே வாசித்தாள். கதைக்காகப் பெயரை மாற்றியிருந்தாள், முடியின் நிறத்தை மாற்றியிருந்தாள். ரொட்டியை மாற்றவில்லை.

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். மின்யா கன்னத்தில் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரியான நடிகை, என்று நினைத்துக்கொண்டாள் வில்மா.

அடுத்தது ஆத்தோஸ். அவன் கதையில் திருடி, வாசலுக்குப் பக்கத்தில் தொலைந்த சாமான்களைப் போட்டுவைக்கும் பெட்டியைக் கிளறுகிறாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போன கம்பளிக் கையுறைகளில் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அவளுடைய இரண்டு விரல்கூட அதற்குள் நுழையாது.

வில்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் இவனும் பார்த்திருக்கிறான்.

ஹென்னா தன் பங்கை நடித்தே காட்டினாள். துப்புரவு வண்டியிலிருந்து டாய்லெட் பேப்பர் சுருள்களை எடுத்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி தாழ்வாரத்தில் நடந்துபோகும் ஒரு திருடி.

ஆத்தோஸ் மேசையில் தட்டிச் சிரித்தான். "டாய்லெட் பேப்பரப் போயாடி திருடுவா? இவளைவிடக் கேவலமான திருடி எந்தக் கதையிலயும் இருக்கமாட்டா."

வில்மாவும் சிரித்தாள். தான் ஒருத்திதான் பார்த்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது சாட்சிக்கு இன்னும் இரண்டு பேர். இனி மின்யாவால் மழுப்ப முடியாது.

சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினாள்.

மின்யா மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பயமோ கோபமோ அந்த முகத்தில் இல்லை.

அதுதான் வில்மாவை உறுத்தியது. மாட்டிக்கொண்டவள் தலையையாவது குனிய வேண்டாமா?

ரொட்டி, அதுவும் வெள்ளிக்கிழமை. அடுத்த இரண்டு நாள் பள்ளியில் சாப்பாடு கிடையாது.

குழந்தைக் கையுறை. டாய்லெட் பேப்பர்.

ஆசைப்பட்டு யாராவது இதையெல்லாம் திருடுவார்களா? ஒரு வீட்டில் தீர்ந்துபோனால் அம்மா கடையிலிருந்து வாங்கி வருகிற சாமான்கள் இவை.

மின்யாவுக்கு ஐந்து வயதில் ஒரு தங்கை உண்டு, பிஹ்லா. அம்மா நார்வேயில் ஒரு ஹோட்டலில் வேலை செய்வதாகவும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவதாகவும் மின்யா ஒருமுறை சொல்லியிருந்தாள். அது இலையுதிர்கால விடுமுறைக்கு முன்பு. இப்போது நடுக் குளிர்காலம்; இவர்கள் ஊரான கெமியின் துறைமுகத்தில் கடலே உறைந்துவிட்டது.

வில்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

"மின்யா, உங்க அம்மா கடைசியா எப்ப வந்தாங்க?"

ஆத்தோஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஹென்னா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"லீவுக்கு அப்புறம் வரல," என்றாள் மின்யா. "போன் போட்டாலும் எடுக்கிறதில்ல."

நூலகத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஆத்தோஸின் சிரிப்பு நின்றது.

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டாள் ஹென்னா.

"சொல்லமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். வெளிய தெரிஞ்சா அரசாங்கக்காரங்க வந்து என்னையும் பிஹ்லாவையும் வேற வேற வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்கன்னா."

மின்யா தான் வாசிக்கவேண்டிய தாளை மூடிவைத்தாள்.

"யாராவது கேட்டா என்ன செய்யணும்னு அம்மா ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. அதான் ஒவ்வொரு தடவையும், உங்கள்ல ஒருத்தர் என்னைப் பாக்குற வரைக்கும் நின்னுட்டு, அப்புறமா எடுத்தேன்."