வந்திருந்தவர்

“மறதியா? எங்க வீட்டிலயா?” வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். “கல்யாணமாகி வந்த அன்னைக்கு மாமியார் சொன்ன வார்த்தையையே நான் இன்னும் மறக்கலம்மா.”

மறதி நோய் உள்ளவர்களைக் கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடெல்லாம் இதே பாட்டுதான். வயதானவர்கள் நிறைந்த தெரு. ஆனால் மருந்துக்குக்கூட ஒரு மறதிக்காரர் கிடையாது. ஊரிலுள்ள ஞாபகசாலிகளெல்லாம் பேசிவைத்துக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டார்கள் போல.

வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். “பொண்ணுக்கு இடம் பார்த்துட்டிருக்கோம். வம்சத்துல வியாதின்னு ஒரு பேச்சு கிளம்பினா அவ்வளவுதான். மெதுவா பேசு.”

அப்போதுதான் கணக்கெடுக்க வந்தவள் கூடத்தில் இருந்த பெரியவரைக் கவனித்தாள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி காபி கொடுத்ததும், “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்று கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர். நல்லவேளை, அவர் காதில் விழும்படி எதையும் உளறவில்லை.

ஆனாலும் வந்த வேலை இருக்கிறதே. “யாராவது இருந்தா சொல்லுங்கக்கா. டாக்டரே வீடு தேடி வருவாரு. ஆரம்பத்திலயே பார்த்தா நல்லது” என்று கிசுகிசுத்தாள்.

வீட்டுக்காரி பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. இல்லன்னே போட்டுக்கோ.”

பெண் கைப்பேசியில் ‘இல்லை’யைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

பெரியவரும் எழுந்தார். டம்ளரை ஓரமாக வைத்தார். “அப்ப நானும் போயிட்டு வரேம்மா. வீட்டுல தேடுவாங்க.”

வீட்டுக்காரி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு, அதற்குக் குறுக்கே நின்றாள். வந்தவரை இப்படியா மறிப்பது? அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது.

அவருக்குக் கோபமே இல்லை. அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார்: “எப்ப வந்தாலும் இப்படித்தான், சாப்பிடாம விடமாட்டாங்க. தங்கமான மனசு. யார் பெத்த பொண்ணோ!”

வீட்டுக்காரி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள்.

“நீங்க பெத்த பொண்ணுதாம்ப்பா.”

அவர் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

“அந்த ‘இல்லை’யை மாத்திடும்மா.”