பார்க்க வந்தவர்கள்

மானின் முன்னங்கால் முறிந்துவிட்டது. குரங்கு மூங்கில் பத்தை வைத்து ஒழுங்காகத்தான் கட்டியது. பார்க்க வந்தவர்களின் கைதான் சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, தொளதொளவென்று கட்டியிருக்கிறான்?" என்று கரடி அவிழ்த்து இறுக்கியது.

"ஐயோ, கால் மரத்துப்போகுமே!" என்று அணில் தளர்த்தியது.

"கூடிவிட்டதா, பார்ப்போமே" என்று முயல் பிரித்தே பார்த்துவிட்டது.

அன்பாக வந்தவர்களிடம் மான் எப்படி வேண்டாம் என்று சொல்லும்? கால் கூடவில்லை. செந்நாய் வேறு தினமும் தூரத்தில் நின்று, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனது.

குரங்கு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டியது. அன்று வந்தவனுக்கு வைத்தியமும் தெரியாது, நலம் விசாரிக்கவும் தெரியாது. "தள்ளிப் படு, தூக்கம் வருகிறது" என்று மானை ஒட்டிப் படுத்து, வெளிப்பக்கம் முள்ளை விரித்துக்கொண்டான். அதன்பிறகு கட்டின் கிட்டே ஒருவரும் வரவில்லை.

இப்போது மான் ஓடுகிறது. காலைக் கூட்டியது யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்கிறது: முள்ளம்பன்றி.