கடைச் சரக்கு

"இதை வெச்சுக் குட்டி எடுத்துடாதீங்க. அது பெரிய பாவம்!"

வெர்னா பட்டென்று சொன்னதும், மேஜையைச் சுற்றி நின்றவர்கள் அதிர்ந்து போனார்கள். கூண்டோடு வந்திருந்த கிளெண்டாவின் முகம் சுண்டிவிட்டது.

ஒஹாயோவில் சின்சில்லாக் கண்காட்சி. மதிய இடைவேளை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வெர்னாதான் நடுவர். முயல்குட்டி போல உருண்டையாக, பட்டுப் போன்ற முடியோடு இருக்கும் அந்தப் பிராணியைக் கையில் ஏந்தி ஒரு ஊது ஊதினால் போதும், அதன் தரம் அவளுக்குத் தெரிந்துவிடும். முகத்துக்கு நேராகச் சொல்வாள். ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்று பேர்.

கிளெண்டா, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"செல்லப்பிராணிக் கடையில வாங்கினேன். வீட்ல இதுக்கு ஜோடியா ஒரு பொண்ணும் இருக்கு. குட்டி போட்டா நானும் போட்டிக்கெல்லாம் கொண்டு வரலாமேன்னு ஒரு ஆசை..."

"ஆசை இருக்கலாம். கடைச் சரக்குக்கு அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு தெரியுமா? பல் கோளாறு ரத்தத்துல ஒளிஞ்சிருக்கும். பொறக்குற குட்டிங்க தின்ன முடியாம பட்டினியா கிடந்து சாகும். பார்த்துக்கிட்டு இருப்பீங்களா?"

"ஐயையோ! வேணாம்."

"அது கிடக்கட்டும். முடியில அடர்த்தி இல்ல. நிறம் மஞ்சளடிக்குது. கழுத்து ஒல்லி. இதுல என்னத்தைப் போட்டிக்கு அனுப்புறது?"

கிளெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு இவ்வளவு வெளிப்படையா சொல்லுவாங்க! நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்."

வெர்னா குரலைத் தணித்துக்கொண்டாள். "பாரமா இருந்தா எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. பண்ணையில ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும்."

"பாரமா? எம் புள்ள அவன்! முடி கம்மின்னா என்ன, நானே வெச்சுக்கிறேன்."

அந்தப் பக்கமாகக் காபியோடு போன ரோஜர் நின்றார். அவரும் பண்ணைக்காரர். தேசியப் போட்டியில் வருஷா வருஷம் வெர்னாவின் பண்ணையை மண்ணைக் கவ்வ வைப்பவர்.

"என்ன வெர்னா, கடைச் சரக்குன்னு வாய் சொல்லுது, கை மட்டும் கீழ இறக்க மாட்டேங்குது?"

"உங்க காபி ஆறுது, போங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். வெர்னா அதைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஊதிய மாத்திரத்திலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. எவ்வளவு ஊதியும் தோல் தெரியவில்லை. அப்படியொரு அடர்த்தி. மஞ்சளின் சாயலே இல்லாத, பளிச்சென்ற நீலச் சாம்பல். பாறை மாதிரிக் கழுத்து. பல்லும் தாடையும் தடவிப் பார்த்தவரை குறையே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பண்ணையில் இப்படி ஒன்று பிறந்ததே கிடையாது. எந்தப் பண்ணைக்காரன் கவனிக்காமல் கடைக்குத் தள்ளிவிட்டானோ!

இது மட்டும் தன் பண்ணைக்கு வந்துவிட்டால்?

வீட்டுக்குக் கார் ஓட்டும்போது மனசு குத்தத்தான் செய்தது. 'வம்சம் தெரியாததை விருத்தி பண்ணக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றதுதானே? அதுல என்ன பொய்?' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மஞ்சள், ஒல்லி என்று சொன்னதை மட்டும் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கிளெண்டாவின் வீட்டு அழைப்புமணியை அடித்தாள். கையில் ஒரு கூண்டு. உள்ளே, வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி.

"அடடே, நீங்களா! வாங்க வாங்க. இந்தக் குளிர்லயா வந்தீங்க? சூப் சூடா இருக்கு, உட்காருங்க."

"இருக்கட்டும். அன்னைக்கு உங்க மனசைக் கொஞ்சம் நோகடிச்சுட்டேன். அதான், நல்ல வம்சத்துல இந்தக் குட்டியைக் கொண்டு வந்திருக்கேன். இதை வெச்சுக்கிட்டு அவனை எனக்குக் குடுங்களேன். மாத்திக்கலாம்."

கிளெண்டா வெள்ளைக் குட்டியைப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள். நெகிழ்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுக்கும் ஆகாததை வாங்கிக்கிட்டு இவ்வளவு அழகானதைக் குடுக்குறீங்களே! உங்களைப் போய் ரோஜர் அப்படிப் பேசுனாரே..."

வெர்னாவுக்குத் திக்கென்றது. "ரோஜரா? என்ன பேசுனாரு?"

"அன்னைக்குக் கிளம்பும்போது பார்க்கிங்ல மறிச்சுட்டாரு. கூண்டைத் திறக்கச் சொன்னாரு. தடவிப் பார்த்துட்டு, 'இவன் சாம்பியன்மா! வெர்னா உங்களை ஏமாத்துறா. வித்துடாதீங்க. குட்டி எடுங்க, கூட நின்னு நான் சொல்லித் தர்றேன்'னாரு."

"நீங்க... நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் விடுவேனா! 'வெர்னா பொய் சொல்ல மாட்டாங்க, வழியை விடுங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

வெர்னா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலோரம் இரண்டு கூண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கம்பி வழியாக அவன் தன் ஜோடியின் மூக்கை முகர்ந்துகொண்டிருந்தான். வெயிலில் அந்த நீலச் சாம்பல் தகதகவென்று மின்னியது.

"ஆனா மாத்திக்கிறதெல்லாம் வேணாம். நீங்க பாவம்னு சொன்னது மனசுலயே நின்னுடுச்சு. ரெண்டையும் காலம் பூரா பிரிச்சு வைக்கவும் மனசு வரல" என்றாள் கிளெண்டா பெருமையாக. "அதான் மறுநாளே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போய், அவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டேன்!"