ஆணிக்கு விழுந்த அடி

பாலைவனத்துக் கிடங்கு ஒன்றின் வாசலில், சரக்கைச் சுமந்து வந்த மரப் பேலட் ஒன்று, பலகைகளை ஆணியடித்துச் சேர்த்த சரக்குத் தட்டு, வெயிலில் கிடந்தது. அது சுமந்து வந்த பிஸ்கட் பெட்டிகள் உள்ளே குளிர்சாதன அறையில் இருந்தன. மழை நாட்டு மரம் அது. மூன்றே மாதத்தில் அதன் ஈரமெல்லாம் வற்றிப் போனது.

ஒரு நாள் அதன் மேல்பலகை, தன்மேல் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அதிர்ந்து போய்க் கத்தியது.

“டேய் ஆணி! என்ன துணிச்சல்டா உனக்கு? தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய்?”

“என்னை அறைந்த இடத்திலேயேதான் இருக்கிறேன், அண்ணே. நீங்கள்தான் காய்ந்து சுருங்கிவிட்டீர்கள்.”

“நானா? ஒரு டன் சுமந்தவன்டா நான்!”

“அது ஈரம் இருந்தபோது. இப்போது நமக்கு நிழல் வேண்டும். நன்றாகக் கிறீச்சிடுங்கள், காய்ந்துபோனது தெரிந்து உள்ளே தள்ளி வைப்பார்கள். நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.”

“கிறீச்சிட்ட பலகையெல்லாம் அடுப்புக்குத்தான் போயிற்று. உன்னோடு சேர்ந்தால் எனக்கும் கெட்ட பெயர். அதோ, மேஸ்திரி வருகிறார். வாங்கிக் கட்டிக்கொள்!”

மேஸ்திரி சுத்தியலோடு வந்தார். நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தார். பலகையையும் பார்க்கவில்லை, வெயிலையும் பார்க்கவில்லை.

“போடுங்கள், ஐயா! இன்னும் ஓங்கிப் போடுங்கள்!” என்று பலகை குதூகலித்தது.

ஓங்கி ஒரே அடி. படாரென்று பலகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டாகப் பிளந்தது.

“ஐயோ!” என்று அலறியது பலகை. அதனால் நம்பவே முடியவில்லை. “உன்னைத்தானேடா அடித்தார்?”

“என்னைத்தான் அடித்தார், அண்ணே,” என்றது ஆணி. “நான் உங்களுக்குள்தானே இருந்தேன்?”